உதைத்தும் எழாத வண்டி

(மூன்றாமாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)

நண்பர்களே, அது ஐப்பசி அடைமழைக் காலம். விடியக்காலை மூன்றரை மணி. அந்த நேரத்தில் ஆரப்பாளையத்தில் எங்கள் சந்தில் கேட்கிற ஒரே சத்தம் "டொக்... டொக்... டொக்..." எங்க அப்பா எக்ஸ்எல் வண்டியின் கிக்கரை உதைக்கிற சத்தம்தான் அது. வழக்கமாக நாலாவது உதையில் வண்டி புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பிவிடும். பாத்திமா காலேஜ், விளாங்குடி தாண்டிப் பரவை காய்கறி மார்க்கெட். ஆறு மணிக்குள் இரண்டு மூட்டையும் ஒரு கூடையுமாகத் திரும்பி வந்து, ஏழு மணிக்கெல்லாம் தெருத்தெருவாக வியாபாரம். அன்றைக்கு இருபது உதை ஆச்சு, முப்பது உதை ஆச்சு. வண்டி மூச்சு விடவில்லை.

"ஏண்டா, மூணு வருஷமா வண்டிப் படிப்புத்தானே படிக்கிற? எந்திரிச்சு வந்து என்னான்னு பாரு!"

போர்வையை உதறிவிட்டுப் போனேன். நானும் ஒரு இருபது உதை உதைத்தேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் உண்மை. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஓட்டோ சைக்கிள் படம் போடச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். ஸ்பேனரைக் கையில் கொடுத்து "எங்கே ஆரம்பிப்பாய்?" என்று கேட்டால் முழிப்பேன். நம்மில் பாதிப்பேர் நிலைமை இதுதான் என்று நினைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்று அப்பா லோடு ஆட்டோ வைத்துச் சரக்கு எடுத்து வந்தார். சாயங்காலம் கணக்குப் பார்த்தபோது வந்த லாபம் ஆட்டோ வாடகைக்குச் சரியாகப் போயிருந்தது. முக்கு மெக்கானிக் அண்ணன் வந்து நாலு உதை உதைத்துப் பார்த்துவிட்டு, "மேக்னட் காயில் போச்சு. சி.டி.ஐ.யும் சேர்த்து மாத்திருவோம், 1,800 ஆகும்" என்றார். வீட்டில் 1,800 ரூபாய் இல்லாமல் இல்லை. ஆனால் அது என் கடைசி வருஷ ஃபீஸ் பாக்கிக்கு அம்மா எடுத்து வைத்திருந்தது. "ரெண்டு நாள் பொறுங்கப்பா, நான் பாக்குறேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முதலில் புத்தகத்துக்கு வருவோம். பெட்ரோல் இன்ஜின் எதுவாக இருந்தாலும், எக்ஸ்எல் ஆகட்டும் அம்பாசிடர் ஆகட்டும், கிளம்புவதற்கு மூன்று விஷயம் வேண்டும். சரியான அளவில் காற்றோடு கலந்த பெட்ரோல், அந்தக் கலவையை நசுக்கும் அழுத்தம், அந்த அழுத்தம் உச்சத்தை நெருங்குகிற நேரத்தில் ஒரு தீப்பொறி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் எவ்வளவு உதைத்தாலும் கால்தான் வலிக்கும். இதைச் சொல்வது எளிது. எது குறைகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு வண்டியே நமக்கு ஒரு சாட்சி வைத்திருக்கிறது. அது ப்ளக்.

நிறைய உதைத்த பிறகு ப்ளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். காய்ந்து கிடந்தால் பெட்ரோல் உள்ளேயே வரவில்லை. ஈரமாக, பெட்ரோல் வாடையோடு இருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, எரியவில்லை. டீத்தூள் நிறத்தில் இருந்தால் இதுவரை எரிந்தவிதம் சரி. கறுப்பாக மசி பிடித்திருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம், அல்லது பொறி பலவீனம். வெள்ளையாக வெளிறியிருந்தால் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்து சூடாக ஓடியிருக்கிறது.

எங்கள் வண்டியின் ப்ளக் சொட்டச் சொட்ட ஈரம். "ஆஹா, ஓவர்ஃப்ளோ!" என்று முடிவு கட்டிவிட்டேன். ப்ளக் ஈரம் என்றால் இரண்டு அர்த்தம் உண்டு. பெட்ரோல் தேவைக்கு மேல் வந்து ப்ளக்கை நனைத்திருக்கலாம், அல்லது பெட்ரோல் சரியாகத்தான் வந்து, பொறி இல்லாததால் எரியாமல் சேர்ந்திருக்கலாம். நான் இரண்டாவதை யோசிக்கவே இல்லை. ஏன் தெரியுமா? கார்புரேட்டரைக் கழற்ற எனக்கு ஆசை! ஒர்க்ஷாப்பில் கழற்றிப் பூட்டியிருக்கிறேன், அதனால் அது எனக்குத் தெரிந்த இடம். தொலைத்த இடத்தை விட்டுவிட்டு வெளிச்சம் இருக்கிற இடத்தில் தேடுகிற ஆள் மாதிரி.

வாசல் திண்ணையில் உட்கார்ந்து கழற்றினேன். ப்ளோட்டைப் பிடித்திருக்கிற சின்ன பின், ஊசி மாதிரி இருக்குமே, அது நழுவி எங்கேயோ உருண்டுவிட்டது. டார்ச் அடித்து ஒரு மணி நேரம் தேடி, கடைசியில் சாக்கடை ஓரக் கல்லிடுக்கில் கண்டெடுத்தேன். கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டு கழற்றியிருந்தால் இந்தப் பாடு இல்லை. இதில் இன்னொரு கூத்து. அன்று வெள்ளிக்கிழமை. ப்ளோட் சேம்பரில் இருந்த பெட்ரோலை ஒரு தட்டில் ஊற்றி வைத்திருக்கிறேன், அம்மா சாம்பிராணிக் கரண்டியோடு வாசலுக்கு வருகிறார்கள்! போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவே ஓடி வந்துவிட்டார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். நெருப்பு நாலடி தள்ளி இருக்கிறதே என்று சும்மா இருக்கக்கூடாது. வீட்டுக்குள் வைத்துப் பெட்ரோல் வேலை பார்க்கவே கூடாது.

ப்ளோட், நீடில், ஜெட் எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தன. பூட்டினேன். உதைத்தேன். டொக், டொக்.

மறுநாள் காலேஜில் ஒர்க்ஷாப் சாரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "காயில் போச்சுன்னு எப்படித் தெரியும்? ஸ்விட்ச் வயரைக் கழட்டிட்டுப் பாத்தியா?"

இந்தக் கேள்வியின் அருமை புரிய வேண்டுமானால் மேக்னெட்டோ எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். கார்களில் பேட்டரி இருக்கிறது. சாவியைத் திருப்பினால் பேட்டரியிலிருந்து கரண்ட் இக்னிஷன் காயிலுக்குப் போகிறது. சாவியை ஆஃப் செய்தால் வழி துண்டிக்கப்படுகிறது, இன்ஜின் நிற்கிறது. வீட்டு லைட் ஸ்விட்ச் மாதிரிதான். ஆனால் மேக்னெட்டோ வண்டியில் இக்னிஷனுக்கு பேட்டரியே தேவையில்லை. கிராங்க் ஷாஃப்ட்டோடு சேர்ந்து காந்தம் சுற்றுகிறது, உள்ளே இருக்கிற காயிலில் கரண்ட் பிறக்கிறது. சுற்றுகிற வரை பிறந்துகொண்டேதான் இருக்கும். அப்படியானால் வண்டியை எப்படி நிறுத்துவது? பிறக்கிற கரண்டை எர்த்துக்கு, அதாவது வண்டியின் பாடிக்குத் திருப்பிவிடுவது! கண்மாய் மடையைத் திறந்து விட்டால் தண்ணீர் வயலுக்கு ஏறாமல் ஓடைக்குப் போய்விடுமே, அது மாதிரி. ஆக, இந்த வகை வண்டியில் "ஆன்" என்றால் ஸ்விட்சில் வயர் துண்டித்திருக்கிறது, "ஆஃப்" என்றால் வயர் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. நாம் பழகிய கணக்குக்கு நேர்த்தலைகீழ்.

இப்போது யோசியுங்கள். மேக்னட்டிலிருந்து சாவி ஸ்விட்சுக்குப் போகிற அந்த ஒற்றை வயர் எங்காவது தோல் உரிந்து பாடியில் பட்டால்? சாவி ஆனில் இருந்தாலும் வண்டி ஆஃபில்தான் இருக்கும். காயில் நல்லா இருக்கும், சி.டி.ஐ. நல்லா இருக்கும், ப்ளக் நல்லா இருக்கும், பொறி மட்டும் இருக்காது. பார்ப்பவர் காயில் போய்விட்டது என்றுதான் சொல்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அன்றைக்கு அவர் கடை வாசலில் மழையில் நின்றுபோன வண்டிகள் ஆறு வரிசையில் இருந்தன.

மேக்னெட்டோவின் கதையும் சுவையானது. 1897-ல் ஜெர்மனியில் ராபர்ட் போஷ் தன் மேக்னெட்டோவை முதன்முதலாக ஒரு மூன்று சக்கர மோட்டார் வண்டியில் பொருத்தினார். 1902-ல் அவரிடம் வேலை பார்த்த காட்லோப் ஹோனால்ட் என்ற இன்ஜினியர் ஸ்பார்க் ப்ளக்கோடு சேர்ந்து இயங்கும் உயர் அழுத்த மேக்னெட்டோவை உருவாக்கினார். எங்கள் சந்தில் விடியக்காலை நடக்கிற கூத்துக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பூர்வீகம் இருக்கிறது!

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதலில் பொறி சோதனை. ப்ளக்கைக் கழற்றி, அதன் கேப்பில் மாட்டி, ப்ளக்கின் உலோக உடம்பு சிலிண்டர் மேல் இருக்கிற தகடுகளில் நன்றாகப் படும்படி வைத்து, ஒருவரைக் கிக்கரை உதைக்கச் சொல்ல வேண்டும். கேப்பைக் காய்ந்த துணியால் பிடியுங்கள். பல ஆயிரம் வோல்ட், உயிரை வாங்காவிட்டாலும் முழங்கை வரை உதறிவிடும். ப்ளக் ஓட்டைக்கு எதிரே முகத்தை நீட்டாதீர்கள், உள்ளே சேர்ந்த பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும். அதில் பொறி பட்டால் கேட்கவே வேண்டாம், ஆகவே ப்ளக்கை ஓட்டையிலிருந்து தள்ளியே வையுங்கள். நிழலான இடத்தில் பார்க்க வேண்டும். நீலமாக, "டிக்" என்று சத்தத்தோடு பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தால் சந்தேகம். எங்களுக்கு ஒன்றுமே வரவில்லை.

சார் சொன்னபடி மேக்னட் பக்கத்து வயர் இணைப்பில் ஸ்விட்சுக்குப் போகிற வயரை மட்டும் பிடுங்கி விட்டேன். அப்பா உதைத்தார். டிக்! நீலப் பொறி! நண்பர்களே, மூன்று வருஷப் படிப்பில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. "டேய், டேய், வருதுடா!" என்று அப்பா சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினார்.

அப்புறம் வயரைத் தடவிக்கொண்டே போய்ப் பார்த்தால், ஹேண்டிலுக்குக் கீழே, முன்னால் மூட்டை வைக்கிற இடத்துக்கு மேல், கயிறு போட்டு இறுக்குகிற இடத்தில் வயர் நசுங்கி செம்புக்கம்பி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. வண்டி என்னைவிட இரண்டு வயது மூத்தது. இத்தனை வருஷமாக அதே இடத்தில் கயிறு, அதே இடத்தில் முடிச்சு. மழை ஈரமும் சேர்ந்ததும் வேலை முடிந்தது. 10 ரூபாய் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, வயரைக் கயிறு படாத பக்கமாக ஒதுக்கிக் கட்டினேன். ப்ளக்கைத் துடைத்து மாட்டி, மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது.

இதோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அதற்கு முன் பொறியைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. வெளியே வைத்துப் பார்க்கும்போது வருகிற பொறி உள்ளேயும் வரும் என்று சத்தியம் செய்ய முடியாது. காற்று நசுங்க நசுங்க அதன் குறுக்கே பொறி தாவ அதிக வோல்ட் வேண்டும். திறந்த வெளியில் தாவுகிற பலவீனமான கரண்ட் சிலிண்டருக்குள் இருக்கிற அழுத்தத்தில் தாவாமல் போகும். அதனால்தான் பொறி மெலிந்திருந்தால் கேப், வயர், காயில் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறார்கள். ப்ளக் இடைவெளி அந்தந்த வண்டிப் புத்தகத்தில் சொன்னபடி இருக்க வேண்டும், பெரும்பாலான சின்ன இன்ஜின்களுக்கு அது 0.6 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். சி.டி.ஐ. வராத காலத்து வண்டி என்றால், உதாரணமாக ஆரம்ப கால டிவிஎஸ் 50 வைத்திருப்பவர்கள், மேக்னட்டுக்குள் இருக்கிற பாயிண்டைப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் பாயிண்ட் முகத்தில் மெல்லிய பாசி மாதிரி படிந்துவிடும். நைஸ் எமரி பேப்பரால் லேசாகத் தேய்த்து, அப்புறம் காய்ந்த வெள்ளைத் தாளை இடையில் விட்டு இழுத்தால் போதும். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடுகிற டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் அந்தப் பாயிண்ட் வினாடிக்கு 50 தடவை திறந்து மூடுகிறது. தேயாமல் என்ன செய்யும்?

டிவிஎஸ் 50 என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1980-ல் ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து வந்த, இரண்டு பேர் உட்காரக்கூடிய மொபெட் அது. அந்தக் கம்பெனியின் வேர் நம்ம மதுரை. டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-ல் தொழில் தொடங்கிய ஊர் இது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் வண்டி ஓட்ட டிவிஎஸ் கேஸ் பிளான்ட் தயாரித்துக் கொடுத்தார். கரியை எரித்து, போதாத காற்றில் கார்பன் மோனாக்சைடு வரவழைத்து, அதைக் குளிரவைத்து வடிகட்டி இன்ஜினுக்குள் விடுகிற ஏற்பாடு. அந்த வகை வண்டியில் காலையில் வந்தவுடன் கிளப்ப முடியாது. அடுப்பைப் பற்றவைத்து, காற்று ஊதி, நல்ல வாயு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆகவில்லை என்று இன்று நாம் அலுத்துக்கொள்வதைப் பார்த்தால் அந்தக் காலத்து டிரைவர்கள் சிரிப்பார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். மூன்றாம் நாள் விடியக்காலை வண்டி ஜம்மென்று கிளம்பிப் போனது. நான் திரும்பப் படுத்தேன். நாலேகால் மணிக்கு போன். "தம்பி, வெளாங்குடியில நிக்கிறேன். ஆஃப் ஆயிருச்சு."

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அப்பா ஒரு டீக்கடை வெளிச்சத்தில் வண்டியை நிறுத்தி வைத்திருந்தார். திட்டவில்லை. "டீ குடிக்கிறியா?" என்றார். ஃபீஸ் பணத்தை எடுத்து மெக்கானிக்கிடம் கொடுத்திருந்தால் இன்றைக்கு மார்க்கெட் போயிருக்கலாமே என்று எனக்குத்தான் உள்ளே அரித்தது.

ஆனால் இந்தத் தடவை நான் உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை. கேட்டேன். "எப்படிப்பா நின்னுச்சு? டக்குனு நின்னுச்சா, இழுத்து இழுத்து நின்னுச்சா?" இது மிக முக்கியமான கேள்வி. ஓடிக்கொண்டிருந்த வண்டி ஸ்விட்சை ஆஃப் செய்த மாதிரி டக்கென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட் கோளாறு. இழுத்து, மிஸ்ஸிங் அடித்து, திணறி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் கோளாறு. அப்பா சொன்னார்: "பெட்ரோல் கொறஞ்ச மாதிரி இழுத்துச்சு. ரிசர்வுல போட்டேன். கொஞ்சத் தூரம் போயிட்டு மொத்தமா நின்னுபோச்சு."

ரிசர்வ்! அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. ரிசர்வ் என்றால் தனி டேங்க் எதுவும் கிடையாது. டேங்குக்குள் பெட்ரோல் காக்கில் இரண்டு வாய் இருக்கிறது. ஒன்று கொஞ்சம் உயரமான குழாய், மற்றது அடிமட்டத்தில் இருப்பது. சாதாரணமாக உயரக் குழாய் வழியாக வருகிறது. பெட்ரோல் அந்த மட்டத்துக்குக் கீழே போனதும் நிற்கிறது, நாம் ரிசர்வில் போட்டதும் அடியிலிருந்து வருகிறது. அடியில் என்ன இருக்கும்? துரு, மண், தண்ணீர் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். நல்ல பெட்ரோல் மேலே இருக்கிறவரை ஓடிய வண்டி, ரிசர்வில் போட்டதும் செத்தது என்றால்?

டீக்கடைக்காரரிடம் ஒரு காலி பாட்டில் வாங்கினேன். பெட்ரோல் டியூப்பைக் கழற்றி, ரிசர்வில் வைத்துப் பாட்டிலில் பிடித்து (அடுப்பிலிருந்து நன்றாகத் தள்ளிப்போய்த்தான்), கொஞ்சம் ஆடாமல் வைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். இரண்டு அடுக்கு! மேலே டூ-டி ஆயில் நிறத்தோடு பெட்ரோல். கீழே வெளிறிப்போய் வேறு ஏதோ. அப்பா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெட்ரோல் வருதுல்லன்னு நான் டியூப்பக் கழட்டிப் பாத்தேன். வந்துச்சே!" என்றார். வந்தது உண்மை, வந்தது பெட்ரோல் அல்ல.

டேங்க் மூடியின் உள் ரப்பர் எப்போதோ போய்விட்டது. நாங்கள் பாலிதீன் கவரைச் சுற்றி வைத்திருந்தோம். மழை இறங்கியிருக்கிறது. இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய புது விஷயம் ஒன்று உண்டு. இப்போது பங்க்கில் விற்கிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. நாடு முழுக்க 10 சதவிகிதக் கலப்பை 2022 ஜூன் மாதத்தில் எட்டினோம். 20 சதவிகிதம் கலந்த இ-20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. 2025-ல் நாட்டின் கலப்பு அளவு 20 சதவிகிதத்தை எட்டியதாக அரசு அறிவித்தது. எத்தனால் கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் வருகிறது, வெளிநாட்டு எண்ணெய்ச் செலவு குறைகிறது என்பதெல்லாம் சரி. நமக்கு வேண்டியது அதன் குணம். எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் பிரியம். லிட்டருக்குச் சில மில்லி தண்ணீர் இருந்தால் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும், அது தெரியாமலே எரிந்து போய்விடும். அந்த அளவைத் தாண்டியதும் என்ன ஆகும் என்றால், தண்ணீர் மட்டும் பிரிந்து கீழே போகாது, எத்தனாலையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். ஆகவே இறங்கிய மழைத் தண்ணீர் கொஞ்சம்தான் என்றாலும் அடி அடுக்கு தடித்துவிடுகிறது. டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு இதில் இன்னொரு ஆபத்து. பெட்ரோலில் கலந்த ஆயில் மேல் அடுக்கோடு தங்கிவிடும். கீழ் அடுக்கு ஆயில் இல்லாத சரக்கு. எங்கள் வண்டி அதில் நின்றுபோனது ஒரு வகையில் நல்லது. அரைகுறையாக அதிலேயே ஓடியிருந்தால் பிஸ்டன் பிடித்திருக்கும், 1,800 ரூபாயில் முடிந்திருக்காது.

எத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் எடுத்துக்கொள்ளும். அதனால் குளிர்ந்த இன்ஜின் காலையில் கிளம்பக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். சோக்கை ஒழுங்காக இழுங்கள். சோக் என்பது வேறொன்றுமில்லை, காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோல் பங்கைக் கூட்டுவது. சாதாரணமாக 1 கிராம் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 15 கிராம் காற்று. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோலில் பாதி ஆவியாகாமல் சுவரில் ஒட்டிக்கொள்வதால் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கிளம்பிய பிறகும் சோக்கிலேயே ஓட்டினால் ப்ளக் கறுக்கும். பழைய ரப்பர் டியூப்களும் எத்தனாலுக்கு ஏற்றதாகச் செய்யப்பட்டவை அல்ல, ஊறி உப்பும், இல்லை வெடிக்கும். நாங்கள் டியூப்பையும் பிறகு மாற்றினோம்.

டேங்க்கைச் சுத்தமாக வடித்து, ப்ளோட் சேம்பரையும் திறந்து கொட்டி (இந்தத் தடவை கீழே துண்டு விரித்தேன்!), ஜெட்டை சைக்கிள் பம்ப்பால் ஊதினேன். ஜெட்டுக்குள் கம்பியை விட்டுக் குத்தக்கூடாது, ஓட்டை பெரிதாகிப்போனால் அப்புறம் கலவை எப்போதும் தாறுமாறுதான். வண்டியைப் பங்க் வரை தள்ளிப்போய் ஒரு லிட்டர் போட்டோம். அஞ்சேகாலுக்குக் கிளம்பியது. அப்பா மார்க்கெட் போய்ச் சேர்ந்தபோது நல்ல கத்தரிக்காயெல்லாம் போயிருந்ததாம். இரண்டாம் தரம்தான் கிடைத்தது. அம்மா அன்றைக்கு அதில்தான் குழம்பு வைத்தார்கள், ருசியில் ஒன்றும் குறையில்லை.

பெட்ரோல் விஷயத்தில் இன்னொரு திருட்டுக் கோளாறு உண்டு. டேங்க் மூடியில் காற்று போக ஒரு பொடி ஓட்டை இருக்கும். அது அடைபட்டால் பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி வரத்து நின்றுவிடும். கொஞ்சத் தூரம் ஓடி நிற்கும், பத்து நிமிஷம் கழித்துத் தானே கிளம்பும், மறுபடி நிற்கும். பேய் பிடித்ததோ என்று தோன்றும். மூடியைத் திறக்கும்போது "புஸ்" என்று காற்று உள்ளே போனால் பேய் அதுதான்.

அழுத்தத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்களுக்கு அதில் குறை வரவில்லை. கிக்கர் காற்றில் உதைக்கிற மாதிரி லேசாகப் போனால் சந்தேகப்படுங்கள். ப்ளக் ஓட்டையில் கட்டைவிரலை அழுத்தி உதைக்கும்போது விரலைத் தள்ள வேண்டும். தள்ளவில்லையென்றால் நாலு சொட்டு ஆயிலை ஓட்டைக்குள் விட்டு மறுபடி பாருங்கள். இப்போது தள்ளினால் ரிங் அல்லது போர் தேய்ந்திருக்கிறது. அப்போதும் மாற்றமில்லையென்றால் ஹெட் பேக்கிங்கைப் பாருங்கள். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க்கேஸும் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும், ஏனென்றால் கலவை முதலில் அங்கேதான் போய் அமுங்கி மேலே வருகிறது. ஆயில் சீல் போனால் எல்லாம் சரியாக இருந்தும் வண்டி கிளம்பாது. கடைசியாக சைலன்சர். வருஷக்கணக்கில் ஆயில் புகை கரியாகப் படிந்து துவாரம் ஊசிமுனை அளவாகிவிடும். வெளியே போக வழியில்லாத வீட்டுக்குள் புதுக்காற்று எப்படி நுழையும்? சைலன்சரைக் கழற்றிவிட்டு ஒரு தடவை உதைத்துப் பாருங்கள். ஊரே எழுந்துகொள்கிற சத்தத்தோடு கிளம்பினால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

கார் வைத்திருப்பவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சங்கதி. 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் இன்னும் சிலர் வீட்டில் உண்டு. சித்திரை வெயிலில் ஓடி வந்து நிறுத்திவிட்டு, பத்து நிமிஷத்தில் திரும்பக் கிளப்பினால் சில சமயம் கிளம்பாது. இன்ஜின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். பம்ப் திரவத்தைத் தள்ளத் தெரிந்தது, ஆவியைத் தள்ளத் தெரியாமல் தவிக்கும். பழைய டிரைவர்கள் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றி வைப்பது இதற்காகத்தான். படிக்காதவர்கள் என்று நாம் நினைக்கிறவர்கள் செய்கிற வெப்ப இயக்கவியல் அது.

எங்கள் வண்டி இப்போது ஓடுகிறது. புது மூடி, புது டியூப், ஒரு ரோல் டேப், ப்ளக் எல்லாம் சேர்த்து 400 ரூபாய்க்குள் முடிந்தது. ஃபீஸ் கட்டிவிட்டேன். ஒரு வாரம் கழித்து முக்கு மெக்கானிக் அண்ணனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கோபித்துக்கொள்வாரோ என்று தயக்கமாகத்தான் இருந்தது. அவர் வண்டியைச் சாய்த்து அந்த வயரைப் பார்த்தார், நான் சுற்றிய டேப்பை நகத்தால் சுரண்டினார். "தம்பி, வெயில் வந்தா இந்தப் பசை உருகி டேப் வழுக்கிரும். மறுபடி அங்கதான் போய் ஒரசும். வயர அறுத்து ஸ்லீவ் போட்டுச் சேரு" என்று சொல்லி, டப்பாவிலிருந்து ஒரு சாண் ஸ்லீவை வெட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போட்டுவிட்டேன். அப்பாவும் இப்போது கயிற்று முடிச்சை வலது பக்கம் மாற்றிப் போடுகிறார்.